ராணுவப் பதவி உயர்வுகளுக்குப் பத்து மாத முட்டுக்கட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-ல் அமெரிக்க செனட்டில் ஒரே ஒரு உறுப்பினர், 400-க்கும் மேற்பட்ட ராணுவ உயர் அதிகாரிகளின் பதவி உயர்வைப் பத்து மாதம் நிறுத்தி வைத்தார். ராணுவப் பெண்கள் கருக்கலைப்புக்காக வேறு மாநிலம் போனால் பயணச் செலவை அரசு தரலாமா என்பதுதான் சண்டை. இந்தச் செய்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு குழப்பம் வரும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒருத்தர் எப்படி நிறுத்த முடியும்? அப்படி வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

நிறுத்தியவர் யார்?

டாமி டியூபர்வில். அலபாமா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர். அரசியலுக்கு வரும் முன் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து பயிற்சியாளர்; ஆபர்ன் பல்கலைக்கழக அணியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 2020 தேர்தலில் ஜெயித்து செனட்டுக்கு வந்தார். ராணுவ விவகாரங்களைப் பார்க்கும் செனட் குழுவிலும் அவர் உறுப்பினர்.

அவர் எதிர்த்த விதி என்ன?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு 1973 முதல் இருந்து வந்த அரசியல் சாசனப் பாதுகாப்பை ரத்து செய்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி சட்டம் போடலாம் என்றாகிவிட்டது. டெக்சஸ், அலபாமா, லூசியானா போன்ற மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை வந்தது.

சாதாரணக் குடிமகளுக்கு ஊரை மாற்றிக்கொள்ளும் வழியாவது இருக்கிறது. ராணுவத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது கிடையாது. எந்தத் தளத்தில் போடுகிறார்களோ அங்கேதான் இருக்க வேண்டும். மறுத்தால் அது உத்தரவை மீறியதாகும். அமெரிக்காவின் மிகப் பெரிய ராணுவத் தளங்கள் பலவும் தென்மாநிலங்களில்தான் இருக்கின்றன.

அதனால் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2022 அக்டோபரில் ஒரு உத்தரவு போட்டார். அதன் விவரமான விதிகள் 2023 பிப்ரவரி 16-ல் வந்தன. அதில் முக்கியமானவை மூன்று. ராணுவ மருத்துவத் திட்டத்தில் வராத இனப்பெருக்கச் சிகிச்சைகளுக்காக வெளியூர் போனால், சொந்த விடுப்பு கழியாமல் 21 நாள் வரை அனுமதி. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் படி. அப்புறம், கர்ப்பம் பற்றி மேலதிகாரியிடம் சொல்ல 20 வாரம் வரை அவகாசம். ஆபத்தான வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அவகாசம் கிடையாது.

இது கருக்கலைப்புக்கு மட்டும் வந்த விதி இல்லை. குழந்தை வேண்டும் என்று ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதே விடுப்பு, இதே படி. செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது.

கருக்கலைப்புக்கான செலவை ராணுவமே கொடுத்ததா?

இல்லை. தாயின் உயிருக்கு ஆபத்து, பாலியல் வன்கொடுமை, நெருங்கிய ரத்த உறவில் உண்டான கர்ப்பம் ஆகிய நிலைகளைத் தவிர, ராணுவ நிதியையோ ராணுவ மருத்துவமனையையோ கருக்கலைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆஸ்டின் விதி அதைத் தொடவில்லை. மருத்துவமனை பில்லை அந்தப் பெண்தான் கட்ட வேண்டும். அரசு கொடுத்தது போய் வரும் செலவை.

நடைமுறையில் அது எவ்வளவு பெரிய விஷயம்?

டெக்சஸில் கில்லீன் என்ற ஊரை ஒட்டி ஒரு பெரிய ராணுவத் தளம் இருக்கிறது. அங்கே பணியில் இருக்கும் ஓர் இளம் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். பக்கத்து மாநிலங்களான லூசியானாவிலும் ஓக்லஹோமாவிலும் தடை. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகரத்துக்குப் போவதென்றால் சாலை வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மருத்துவமனை, தங்க ஓர் அறை, கூட வர ஒரு ஆள்.

விதி வருவதற்கு முன்பு இதற்கெல்லாம் அவள் தன் மேலதிகாரி முன்னால் நின்று விடுப்புக் கேட்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்பார். சின்னப் பிரிவில் ஒரு செய்தி எத்தனை மணி நேரம் ரகசியமாக இருக்கும்? பணத்தைவிட இதுதான் பலருக்குப் பெரிய தடை என்று நான் நினைக்கிறேன். 20 வார அவகாசம் என்ற விதி, கேட்பதற்குச் சாதாரணமான அலுவலக நடைமுறை போலத் தோன்றும். ஆனால் தன் உடம்பைப் பற்றி யாரிடம் எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யலாம் என்று அது சொன்னது.

டியூபர்வில்லின் வாதம் என்ன? அதில் நியாயம் இல்லையா?

வாதத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். வரி கட்டுகிறவர்களின் பணம் கருக்கலைப்புக்குப் போகக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. பயணப்படி கொடுப்பது அதே காரியத்தைச் சுற்றி வளைத்துச் செய்வது. இவ்வளவு பெரிய மாற்றத்தை ஓர் அமைச்சர் சுற்றறிக்கையில் கொண்டு வர முடியாது. வேண்டுமென்றால் வாக்கெடுப்பு நடத்திச் சட்டமாக்குங்கள். இதுதான் அவர் சொன்னது.

பயணச் செலவு கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று நீதித்துறையின் சட்ட ஆலோசகர்கள் 2022 அக்டோபரிலேயே கருத்துச் சொல்லியிருந்தார்கள். அதை ஏற்காமல் போக ஒரு செனட்டருக்கு உரிமை உண்டு. மசோதா கொண்டு வரலாம், நீதிமன்றத்துக்குப் போகிறவர்களை ஆதரிக்கலாம், ராணுவச் செலவுச் சட்டத்தில் திருத்தம் கேட்கலாம். கீழவையில் அப்படி ஒரு திருத்தம் 2023 ஜூலையில் 221-213 என்ற கணக்கில் நிறைவேறவும் செய்தது. டிசம்பரில் வந்த இறுதிச் சட்டத்தில் அது இடம் பெறவில்லை.

விதியை எதிர்த்ததற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த விதியை எழுதாத, மாற்றவும் முடியாத அதிகாரிகளைப் பிணையாக வைத்தது தவறு. கடற்படையின் உயர் அதிகாரியான ஒரு ரியர் அட்மிரலின் பதவி உயர்வை நிறுத்தினால் அவர் என்ன செய்ய முடியும்? அமைச்சரின் உத்தரவை மாற்ற அவரால் முடியாது. அரசியல் பேசவும் சீருடை அனுமதிக்காது. வாயைத் திறக்க முடியாதவர்களைப் பார்த்துத்தான் அழுத்தம் கொடுக்கப்பட்டது.

100 பேர் உள்ள சபையில் ஒருத்தர் எப்படி நிறுத்த முடியும்?

இந்தியாவில் தரைப்படைத் தளபதியை நியமிப்பது மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு. நாடாளுமன்றத்தில் அதற்கு வாக்கெடுப்பு கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. ராணுவ அதிகாரிகளை ஜனாதிபதி முன்மொழிவார், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஜெனரல், அட்மிரல் பதவிகளுக்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே மேஜர் வரைக்கும் பட்டியல் செனட்டுக்குத்தான் போகும்.

ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பெயர்கள் வரும். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்த யாருக்கும் நேரமில்லை. அதனால் ஒரு வழக்கம் உண்டு. சபை முடியும் நேரத்தில், நாற்காலிகள் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது, ஒருவர் எழுந்து பட்டியலை மொத்தமாக ஏற்கலாமா என்று கேட்பார். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். நூற்றுக்கணக்கான பேருடைய வாழ்க்கை மாற ஒரு நிமிடம் போதும்.

ஒரே ஒருவர் “ஆட்சேபிக்கிறேன்” என்றால் கதை முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் விவாதத்தை முடிக்க ஒரு தீர்மானம், அதற்கு இடையில் காத்திருக்கும் நாள், அதன் மேல் வாக்கெடுப்பு, மறுபடி விவாத நேரம், கடைசியாக இறுதி வாக்கெடுப்பு. 270-க்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்த சமயத்தில் நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு கணக்குப் போட்டது. செனட் வேறு எந்த வேலையும் பார்க்காமல் இரவு பகலாக உட்கார்ந்தாலும் ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்தது.

ஆகவே டியூபர்வில் யாரையும் தடுக்கவே இல்லை, தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார், அவ்வளவுதான் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொன்னது எழுத்தளவில் சரி. அவர் நிறுத்தி வைத்தது ஒரு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஜெனரல், அட்மிரல் பதவிகளை. கர்னல் வரை உள்ள பட்டியல்கள் நகர்ந்தன.

இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள், இரண்டு கட்சியிலும். 2003-ல் ஐடஹோ செனட்டர் லாரி கிரெய்க், தன் மாநிலத்துக்குச் சரக்கு விமானங்கள் வேண்டும் என்று விமானப்படை அதிகாரிகள் 850 பேருக்கு மேல் பதவி உயர்வை நிறுத்தினார். 2020 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் டாமி டக்வொர்த், ட்ரம்ப்பைப் பதவி நீக்குவதற்கான விசாரணையில் சாட்சி சொன்ன லெப்டினன்ட் கர்னல் விண்ட்மனின் பதவி உயர்வைத் தடுக்க மாட்டோம் என்று உறுதி கேட்டு 1,123 பேரின் உயர்வை நிறுத்தினார். அது இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. எண்ணிக்கையில் டக்வொர்த்தின் பட்டியல் பெரியது. ஆனால் படைகளின் தலைமையில் இருப்பவர்கள் வரை, மாதக் கணக்கில், ஒரு சமூகக் கொள்கைக்காக நிறுத்தி வைத்தது 2023-ல்தான்.

யார் யாருடைய பதவிகள் நின்றன?

2023 ஜூலை 10 அன்று, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் தளபதி டேவிட் பெர்கரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவராக வர வேண்டிய எரிக் ஸ்மித்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. செனட் ஒப்புதல் பெற்ற தளபதி இல்லாமல் மரைன் படை இருந்தது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்காத ஒன்று. ஆகஸ்ட் 4-ல் தரைப்படைக்கும், ஆகஸ்ட் 14-ல் கடற்படைக்கும் இதே நிலை. ஒரே சமயத்தில் மூன்று படைகளுக்குத் தற்காலிகப் பொறுப்பாளர்கள். பாதுகாப்புத் துறை வரலாற்றில் இதுவே முதல் முறை.

கடற்படைக்கு முன்மொழியப்பட்டவர் அட்மிரல் லிசா பிராஞ்செட்டி. அமெரிக்கக் கடற்படையின் தலைமைக்கு வந்த முதல் பெண். ராணுவப் பெண்களுக்கான ஒரு விதியின் பெயரால் நடந்த சண்டையில் அவருடைய பதவியும் பல மாதம் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

தற்காலிகப் பொறுப்பாளர் வேலையைப் பார்க்கிறார் அல்லவா? பிறகு என்ன பாதிப்பு?

இதுதான் டியூபர்வில் அடிக்கடி சொன்ன பதில். நாற்காலி காலியாக இல்லை, ஒருவர் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பார். எரிக் ஸ்மித்தின் கதையைச் சொன்னால் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஸ்மித் அப்போது மரைன் படையின் துணைத் தளபதி. பெர்கர் போனதும் தளபதியின் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆனால் அவர் இடத்துக்கு வேறு துணைத் தளபதி வர முடியவில்லை, அதற்கும் செனட் ஒப்புதல் வேண்டுமே. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தார். தன் நாள் காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11:30-க்குத்தான் முடிகிறது என்று அவரே பொதுவெளியில் சொல்லியிருந்தார். செப்டம்பர் 21-ல் 96-0 என்ற வாக்கில் தளபதியாக உறுதியானார். துணைத் தளபதி இடம் அப்போதும் காலிதான்.

அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் மரைன் படை இல்லத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது இதயத்துடிப்பு நின்று விழுந்தார். அந்த வழியாகப் போனவர்கள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள், பிழைத்துக்கொண்டார். படையைப் பார்த்துக்கொள்ள ஒப்புதல் பெற்ற இரண்டாம் ஆள் இல்லாததால், அடுத்த மூத்த அதிகாரியான ஒரு லெப்டினன்ட் ஜெனரல் பொறுப்பேற்றார். காசாவில் போர் வெடித்து மூன்று வாரம் ஆகியிருந்த நேரம் அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்மித்துக்கு இதய வால்வில் குறை இருந்தது, 2024 ஜனவரியில் அதற்கு அறுவை சிகிச்சை நடந்தது. முட்டுக்கட்டையால்தான் அவர் விழுந்தார் என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. ஆனால் அவர் விழுந்தபோது தாங்கிக்கொள்ள பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது முட்டுக்கட்டையால்தான். நான்கு நாள் கழித்து, நவம்பர் 2-ல், கிறிஸ்டோபர் மஹோனியைத் துணைத் தளபதியாக செனட் அவசரமாக உறுதி செய்தது. அந்த வேலையை ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

கீழ்மட்டத்தில் யாருக்குக் கஷ்டம்?

குடும்பங்களுக்கு. ராணுவத்தில் உயர் அதிகாரிகளின் இடமாற்றம் சங்கிலி போல. மேலே ஒருவர் நகர்ந்தால்தான் கீழே அடுத்தவர் நகர முடியும். ஓய்வு பெற வேண்டியவர் ஓய்வு பெற முடியாமல் காத்திருந்தார். பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் ஜூலையும் ஆகஸ்டும் போனது. வேறு ஊரில் வேலை கிடைக்கும் என்று நம்பி வேலையை விட்ட மனைவிகள், கணவர்கள் இருந்தார்கள். புதிய பொறுப்பைப் பார்த்துக்கொண்டே பழைய பதவியின் சம்பளம் வாங்கியவர்களும் உண்டு. மேற்கு ஆசியக் கடலைப் பார்த்துக்கொள்ளும் ஐந்தாம் கடற்படைப் பிரிவுக்கு வர வேண்டிய புதிய தளபதியும் இந்தப் பட்டியலில்தான் காத்திருந்தார்.

சொந்தக் கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்?

தொடக்கத்தில் வாய்விட்டு எதிர்த்தவர்கள் குறைவு. செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், ராணுவ நியமனங்களை நிறுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று சொன்னார். ஆனால் டியூபர்வில்லை அதைக் கைவிடச் செய்யவில்லை.

நவம்பர் 1 இரவு எல்லாம் மாறியது. அலாஸ்காவின் டான் சல்லிவன், அயோவாவின் ஜோனி எர்ன்ஸ்ட், லிண்ட்சே கிரஹாம், டாட் யங் என்று சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து நின்றார்கள். சல்லிவன் மரைன் படையில் இருந்தவர், எர்ன்ஸ்ட் தேசியக் காவல் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். இவர்கள் எல்லோருமே கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள், அந்தப் பயண விதியையும் எதிர்த்தவர்கள். இருந்தாலும் ஒவ்வோர் அதிகாரியாகப் பெயர் சொல்லி, எங்கே எந்தப் போரில் பணியாற்றினார் என்று வாசித்து, இவரை உறுதி செய்யலாமா என்று கேட்டார்கள். டியூபர்வில் எழுந்து ஆட்சேபித்தார். அடுத்த பெயர். மறுபடி ஆட்சேபம். நான்கு மணி நேரத்துக்கு மேல், 61 பெயர்கள், 61 ஆட்சேபம். அதுவரை ‘நியமனங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்த ஆட்கள் அன்றுதான் மனிதர்களாக வெளியே வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, விடியற்காலை வரை இது தொடர்ந்தது.

ஜனநாயகக் கட்சி ஏன் தனித்தனி வாக்கெடுப்பு நடத்தவில்லை?

அப்போது செனட்டில் பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர் சக் ஷூமர் பல மாதம் மறுத்தார். முக்கியமான சிலரை மட்டும் தனியாக உறுதி செய்தால் மீதி நூற்றுக்கணக்கானவர்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள், நிறுத்தி வைப்பதும் வழக்கமாகிவிடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் படைத் தளபதிகள் மூன்று பேரின் விஷயத்திலாவது முன்னாலேயே இறங்கி வந்திருக்கலாம் என்பது என் கருத்து. செப்டம்பரில் டியூபர்வில்லே கையெழுத்துத் திரட்டி ஸ்மித்துக்கு வாக்கெடுப்பு கொண்டு வரப் பார்த்த பிறகுதான் ஷூமர் நகர்ந்தார். செப்டம்பர் 20-ல் எல்லாப் படைகளின் கூட்டுத் தலைமைக் குழுவின் தலைவராக சார்லஸ் பிரவுன் 83-11 என்ற வாக்கில் உறுதியானார். மறுநாள் தரைப்படையும் மரைன் படையும். பிராஞ்செட்டி நவம்பர் 2 வரை காத்திருந்தார். அவருக்குக் கிடைத்த வாக்கு 95-1.

இந்த எண்களைப் பாருங்கள். ஏறக்குறைய மொத்த சபையும் ஏற்றுக்கொண்ட ஆட்கள்தான் இவர்கள்.

எப்படி முடிந்தது?

ராணுவ நியமனங்களை மொத்தமாக நிறைவேற்ற ஒரு தற்காலிக விதிமாற்றத்தை செனட்டின் விதிகள் குழு நவம்பர் 14-ல் 9-7 என்று ஏற்றது. சபையில் அது நிறைவேற 60 வாக்கு வேண்டும், அதாவது குடியரசுக் கட்சியிலிருந்து சில பேர் தாண்டி வர வேண்டும். தாண்டி வருவார்கள் என்ற நிலை உருவானது. டிசம்பர் 5 அன்று டியூபர்வில், மிக உயர்ந்த நிலையான நான்கு நட்சத்திர அதிகாரிகளைத் தவிர மற்றவர்கள் மீதான தடையை விலக்கினார். அன்றே 425 பேர் ஒரே மூச்சில் உறுதியானார்கள். மிச்சம் இருந்த 11 நான்கு நட்சத்திர நியமனங்களும் கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்தன. பயண விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்தப் பயணப்படியை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்?

2023 ஜூன் முதல் டிசம்பர் வரை 12 முறை என்று பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் 2024 மார்ச்சில் சொன்னது. மொத்தச் செலவு 50,000 டாலருக்கும் குறைவு. அந்த 12-ல் எத்தனை கருக்கலைப்பு, எத்தனை ஐவிஎஃப் என்று பிரித்துச் சொல்லவில்லை; அந்தரங்கத்தைக் காக்கும் விதி என்பதால் அதுதான் சரியும்கூட.

சில பேர் இதைக் காட்டி, யாருக்கும் தேவைப்படாத விதிக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போகக் கையில் பணமில்லாத ஒருத்திக்கு, அந்தப் பன்னிரண்டில் ஒன்று அவளுடையது. படி வாங்காமல் விடுப்பை மட்டும் எடுத்தவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

இப்போது அந்த விதி இருக்கிறதா?

கருக்கலைப்புப் பயணத்துக்கான படி இல்லை. ட்ரம்ப் மறுபடி பதவியேற்று பத்து நாள் முடிவதற்குள், 2025 ஜனவரி இறுதியில், பாதுகாப்புத் துறை அதை ரத்து செய்தது. அமைச்சர் உத்தரவில் வந்தது அடுத்த நிர்வாகத்தின் உத்தரவில் போனது. இதற்குச் செனட் வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. பத்து மாதம் ஒரு அதிகாரியையும் நிறுத்தாமல் டியூபர்வில் தேர்தல் வரை காத்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். அவர் 2026-ல் அலபாமா ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதாக 2025-ல் அறிவித்தார்.

கில்லீனில் இருக்கும் அந்தச் சிப்பாய் இன்று போக வேண்டியிருந்தால், பெட்ரோலும் அறை வாடகையும் அவள் சம்பளத்திலிருந்து.